இரண்டு கிலோ படிக்கல்

படிக்கல்லைக் காணோம். இரண்டு கிலோ இரும்பு, கால் முளைத்தா போயிருக்கும்? நேற்றுச் சாயங்காலம் வண்டியைத் துடைத்துத் தார்ப்பாய் போட்டு மூடும்போதுகூடக் காகிதக் கட்டின்மேல் இருந்ததை இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மாமனார் மளிகைக் கடை வைத்திருந்த காலத்துக் கல் அது. இப்போது அதற்கு எடை போடுகிற வேலை இல்லை, வடை மடிக்கிற காகிதம் பறக்காமல் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது ஒன்றுதான் வேலை, அதைக்கூட ஒழுங்காகச் செய்யாமல் எங்கேயோ போய்த் தொலைந்துவிட்டது. அரைச் செங்கல்லை வைத்திருக்கிறேன், அது காகிதத்தையெல்லாம் சிவப்பாக்குகிறது. காலையில் எழுந்ததும் பார்த்தால் கொடிக்கயிறும் இல்லை. போன மாதம்தான் வாங்கிக் கட்டிய நைலான் கயிறு. துவைத்த துணி அத்தனையும் பிழிந்தது பிழிந்தபடி பக்கெட்டில் கிடக்கிறது. பக்கத்து வீட்டு ருக்குமணிதான் எருமை கட்ட அவிழ்த்துக்கொண்டு போயிருப்பாள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். "என்ற எருமைக்கு உன்ற கவுறு என்னத்துக்கு? கட்டிப் போடறதுக்கு உன்ற வாயே போதும்" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள், ஆனாலும் நன்றாகத்தான் சொன்னாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது எனக்கே சிரிப்பு வந்தது. எல்லாம் இன்றைக்குப் பார்த்துத்தானா காணாமல் போக வேண்டும்? இன்றைக்குப் புதுத்தண்ணி. அணையில் திறந்து நாலு நாளாகி, விடியும்போது எங்கள் ஊர்ப் பாலத்தடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. ஏழு மாதமாகக் காய்ந்து கிடந்த வாய்க்கால் இப்போது கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் ஓடுகிறது. பெண்டுகள் படித்துறையில் மஞ்சளும் பூவும் விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வேறு, ஊரே இங்கேதான் நிற்கிறது, வடைச்சட்டியை இறக்க நேரமில்லை. ஒண்ணு, ரெண்டு, அப்புறம் இன்னொண்ணு, நாலு, அஞ்சு. நடுவில் வர வேண்டிய அந்த எண் என் வாயில் வராது. இருபத்தாறு வருஷமாக வராது. வாடிக்கைக்காரர்கள் அதை ஏதோ ராசி என்று நினைத்துக்கொள்கிறார்கள், நினைத்துக்கொண்டு போகட்டும்.

"ஏம்மா சாந்தாமணி, இன்னைக்கு உன்ற பையனும் குதிக்கறானாமே?" என்று கேட்கிறார் தண்டபாணி அண்ணன். மில்லில் இருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு என் வண்டிதான் ஆபீஸ், பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு வடையை அரை மணி நேரம் தின்பார். "யாருங்ண்ணா சொன்னது?" என்றேன். "பத்தாவது பாஸ் பண்ணிட்டானல்ல, அப்பறம் குதிக்காம?" என்கிறார். அதுதான் எங்கள் ஊர் வழக்கம். பத்தாவது முடித்த பையன் அந்த வருஷத்துப் புதுத்தண்ணியில் பாலத்துக் கட்டைச் சுவரில் ஏறி நின்று தலைகீழாகக் குதிக்க வேண்டும். குதித்தவன் பெயரைப் பாலத்துக்கு அடியில் பெயிண்டில் எழுதுவார்கள். பரீட்சையில் மார்க் குறைந்தாலும் ஊர் மன்னிக்கும், குதிக்காவிட்டால் கல்யாணப் பந்தியில்கூடச் சொல்லிக் காட்டுவார்கள். யார் தொடங்கி வைத்தார்களோ, அவர் வாயில் மண் விழ. தரணி குதிக்க மாட்டான் என்றுதான் நேற்றுச் சாயங்காலம் வரைக்கும் இருந்தேன். என் பையன் அவன், பேச்சுக் குறைவு, சைக்கிள் செயினைத் தானே கழற்றி மாட்டுவான், தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால், கட்டிலோடு கிடக்கிற என் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனவன் உள்ளே வெகு நேரம் இருந்தான். அவன் குரல் கேட்டது. "எந்த எடத்துல நின்னு குதிச்சீங்க மாமா?" என்றான். என் கையிலிருந்த கரண்டி நின்றுவிட்டது. அண்ணன் என்னவோ சொன்னார், அது கேட்கவில்லை. பிறகு இவன், "அப்ப தண்ணி எவ்வளவு இருந்துச்சுங்க?" என்றான். அதற்கு அண்ணன் சிரித்தது மட்டும் கேட்டது. நான் உள்ளே போய்த் திட்டியிருக்க வேண்டும். போகவில்லை. ஏன் போகவில்லை சாந்தாமணி? இருபத்தாறு வருஷத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை, எடுத்த முதல் ஆள் என் பையன்.

அதோ நிற்கிறான். கும்பல் நகர்ந்ததும் தெரிகிறான், பாலத்தின் மேல், நீலச் சட்டை. முன்னால் ஆறேழு பேர் வரிசையாக நிற்கிறார்கள், எல்லாரும் அரைக்கால் சட்டை, மேலே ஒன்றுமில்லை, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. முதலில் நிற்பது அரிசிக்கடைக்காரர் பையன் ஹரீஷ், சுவரில் ஒரு கால் வைத்துவிட்டான். இவன் சட்டையைக் கழற்றவில்லை, முதுகில் பள்ளிக்கூடப் பை. பையுடனா குதிப்பான்? இல்லை, கழற்றி வைத்துவிட்டுத்தான் குதிப்பான், அவனுக்கு எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடு. ஓடினால்? இங்கிருந்து பாலத்து மேட்டுக்கு ஏற இரண்டு நிமிஷம், அதுவும் இந்த முழங்காலை வைத்துக்கொண்டு. கத்து. கத்தினால்? அண்ணன் குதித்த அன்றைக்கு எங்கள் அம்மா கத்தினாள். இதே கரையில் நின்று, "லோகு, வேண்டாம் சாமி, எறங்கு" என்று கத்தினாள். எல்லாப் பையன்களும் சிரித்தார்கள். அம்மா கூப்பிட்டு இறங்கினான் என்ற பெயர் அந்த வயதில் எவனுக்கு வேண்டும்? அந்தக் கத்தல்தான் அண்ணனைக் குதிக்க வைத்தது. நான் கத்தினால் இவனையும் அதே குதிக்க வைத்துவிடும். வடை கருகுகிறது. எடு, முதலில் எடு. கை அதுபாட்டுக்கு எடுக்கிறது, எண்ணெயை வடிக்கிறது, ஒண்ணு, ரெண்டு, அப்புறம் இன்னொண்ணு. கண் மட்டும் பாலத்தில். என் பையன் குதித்துவிட்டால் இந்தக் கையால் இன்னொரு கட்டிலை இழுத்துப் போட வேண்டும், ஒரே அறையில் இரண்டு கட்டில், இடம் பற்றாது, பீரோவை வெளியே எடுக்க வேண்டும். பார், இந்த மனசு என்ன கணக்குப் போடுகிறது, சனியன் பிடித்த மனசு.

என் அண்ணன் நல்ல உயரம். பதினாறு வயதில் அப்பாவுக்கு மேலே இருந்தார். எனக்குப் பன்னிரண்டு. அம்மா கத்தியபோது எனக்கு அம்மாமேல் எரிச்சலாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், என் அண்ணன் குதிப்பதை எல்லாரும் பார்க்கப் போகிறார்கள், இவள் குறுக்கே வருகிறாளே என்று. அவர் சுவரில் நின்றபடி என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும், "அம்முணி, நீ எண்ணு" என்றார். நான் எண்ணினேன். கையைத் தட்டிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, ஒண்ணு, ரெண்டு என்று சொல்லி அந்த மூன்றாவதையும் சொன்னேன். அழகாகத்தான் விழுந்தார். தண்ணீர் கரைக்குக் கரை இருந்தது, இப்போது இருக்கிற மாதிரியே, கலங்கிய தண்ணீர், பார்த்தால் யானையே முழுகும் போல. அந்த வருஷக் கோடையில் பாலத்தை ஒட்டிக் கரைச்சுவரைப் புதுப்பித்தவர்கள் உடைத்த பழைய கான்கிரீட்டை அள்ளாமல் அப்படியே வாய்க்காலுக்குள் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், அடுத்த வருஷம்தான் அள்ளினார்கள். காய்ந்து கிடந்தபோது நாங்கள் எல்லாரும் அதன்மேல் ஏறி விளையாடியிருக்கிறோம். ஏறி விளையாடிய கல் எங்களுக்கு ஞாபகம் இல்லை! தண்ணீர் வந்ததும் கல் இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தோமா, என்ன நினைத்தோம்? அவர் எழுந்து வரவில்லை. பிறகு நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினார்கள், தலை பின்னால் தொங்கியது, அப்படியே ஆட்டோவில் மடக்கிப் போட்டார்கள். கழுத்தை அசைக்காமல் பலகையில் படுக்க வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று கோயமுத்தூர் டாக்டர் சொன்னார். யாருக்குத் தெரியும்? ஆழமும் தெரியாது, தூக்கவும் தெரியாது, எண்ண மட்டும் தெரிந்தது. இளங்கன்று பயமறியாது என்று அப்போது வந்தவர் போனவரெல்லாம் பெருமூச்சு விட்டார்கள். பயமறியாத கன்றை நான்தான் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறேன், முதுகுப் புண்ணுக்குப் பவுடர் போடுகிறேன். அண்ணன் நல்ல மனுஷன், என்மேல் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. பாலத்துக்கு அடியில் அவர் பெயரும் இருக்கிறது. குதித்தாரல்லவா, எழுதிவிட்டார்கள். அழிந்து போனால் எவனோ வருஷா வருஷம் புதுப் பெயிண்ட் அடிக்கிறான். அவருக்கு அறுபது மாத்திரை அடைத்த டப்பா வாங்கித் தர ஊரில் ஒருவன் வந்ததில்லை, பெயிண்டுக்கு மட்டும் ஆள் வருகிறது.

பையைக் கழற்றுகிறான். ஐயோ. வரிசையை விட்டு முன்னால் வருகிறான், ஹரீஷுக்கும் முன்னால், முதலில் குதிக்கப் போகிறானா? முருகா, அவன் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இந்நேரம் டீ குடித்துக்கொண்டிருப்பார், நான் அவருக்கு என்ன சொல்வேன்? பையின் ஜிப்பைத் திறக்கிறான். கையை விட்டு என்னவோ எடுக்கிறான், நீளமாக, பச்சையாக. கயிறு. என் கொடிக்கயிறு! அட திருட்டுப் பயலே, ருக்குமணியிடம் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? கயிற்றின் நுனியில் கனமாக ஒன்று தொங்குகிறது, கறுப்பாக. அது படிக்கல். இங்கிருந்தே தெரிகிறது, மாமனார் காலத்து இரண்டு கிலோ. கயிற்றில் இரண்டு இடத்தில் துணிக் கிழிசல் கட்டியிருக்கிறான், என் பழைய ஊதாப் புடவைதான், அதையும் விட்டு வைக்கவில்லை. சுவரில் ஏறவில்லை. வயிற்றைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கல்லைக் கீழே இறக்குகிறான், மெதுவாக, கிணற்றில் குடம் விடுகிற மாதிரி. பையன்கள் கேலிக்குப் பிடித்துக்கொண்டார்கள். "டேய் படிக்கல்லு, மீனு பிடிக்கறயாடா?" என்கிறான் ஒருவன். "வடையுங் கொண்டாந்தா தூண்டில்ல மாட்டலாமில்ல" என்று இன்னொருவன். கரையிலிருந்தும் சிரிக்கிறார்கள், பெரிய மனுஷர்கள், வெட்கமில்லாமல். தண்டபாணி அண்ணனும் வடை வாயோடு சிரிக்கிறார். ஹரீஷ் சுவர்மேல் ஏறியே நின்றுவிட்டான், "வழிய உட்றா தரணி, பயமா இருந்தா ஊட்டுக்குப் போ" என்று கத்துகிறான். என் பையனுடைய காது சிவப்பது இங்கிருந்து தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும், சிவந்திருக்கும், அவனுக்கு அப்படித்தான். இருந்தாலும் கயிற்றை விடவில்லை. கல் தண்ணீருக்குள் போனது. போனது, நின்றது. கயிறு தளர்ந்தது. அவன் அதைக் கொஞ்சம் தூக்கி, இரண்டடி தள்ளி மறுபடியும் விட்டான். அப்போது கேட்டது. டங். தண்ணீருக்குள்ளிருந்துதான், மெல்லிய சத்தம்தான், ஆனால் எனக்குக் கேட்டது, இத்தனை இரைச்சலிலும் கேட்டது, என் பல்லில் கேட்டது. மறுபடி தூக்கி மறுபடி விட்டான். டங். சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

கயிற்றை மேலே இழுத்தான். இழுத்து, இரண்டு கையாலும் விரித்து ஹரீஷ் முன்னால் காட்டினான். என்ன சொல்கிறான் என்று முழுதாகக் கேட்கவில்லை, காற்று கொண்டுவந்தது மட்டும்தான். "பாரு, கீழ கட்டுனது என்ற நெஞ்சளவு. மேல கட்டுனது ரெண்டாளு. நெஞ்சளவு துணிகூட நனையில." ஹரீஷ் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பினான். இவன் அந்தப் பக்கம் போய் மறுபடி காட்டினான். "போன வருஷம் எங்கண்ணன் இங்கதான் குதிச்சான்" என்கிறான் ஹரீஷ். "போன வருஷம் இதுல கல்லு இல்ல, இந்தக் கோடையிலதான் பழைய காம்பவுண்டு செவுத்த இடிச்சுக் கொட்டுனாங்க. நீயும் பாத்த, நானும் பாத்தேன்" என்கிறான் என் பையன். குரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே சொன்னான். ஹரீஷ் சுவர்மேல் நிற்கிறான், கீழே பார்க்கிறான், பின்னால் நிற்கிறவர்களைப் பார்க்கிறான். இறங்கினால் மானம் போகும், குதித்தால் எது போகும் என்று அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கரையில் யாரோ ஒரு பையன் கை தட்டி எண்ணத் தொடங்கினான். "ஒண்ணு..." என்றான். "எண்ணாதே" என்று ஒரு குரல் கேட்டது, தொண்டை கிழிந்த குரல், எல்லாரும் என் வண்டியைத் திரும்பிப் பார்த்த பிறகுதான் அது என்னுடையது என்று தெரிந்தது. கையில் கரண்டியோடு நிற்கிறேன், எண்ணெய் சொட்டுகிறது. என் பையன் பெயரைச் சொல்லவில்லை, யாரையும் இறங்கு என்று சொல்லவில்லை, எண்ணாதே என்றுதான் சொன்னேன். அந்தப் பையன் வாயை மூடிக்கொண்டான். அந்த நேரத்தில் தரணி என்ன செய்தான் தெரியுமா? ஹரீஷின் கையில் கயிற்றைக் கொடுத்தான். "நீயே உட்டுப் பாரு" என்றான். நான் இதை எத்தனை யுகம் யோசித்தாலும் எனக்குத் தோன்றியிருக்காது. அதட்டவில்லை, கெஞ்சவில்லை, கயிற்றைக் கொடுத்தான். கயிறு பிடிக்கிறவன் குனிய வேண்டும், குனிகிறவன் சுவரில் நிற்க முடியாது. ஹரீஷ் உட்கார்ந்தான். பிறகு ரோட்டுப் பக்கம் காலைப் போட்டு இறங்கினான். கல்லை விட்டான். டங். தானே இரண்டு இடத்தில் விட்டுப் பார்த்தான். அப்புறம் எல்லாரும் கும்பலாகப் படித்துறை வழியாக ஓடி இறங்கி, கரையைப் பிடித்துப் பிடித்துத் தண்ணீருக்குள் நடந்து பாலத்துக்கு நேர் கீழே போனார்கள். ஹரீஷ் கல்லின்மேல் ஏறி நின்றான். அவனுக்குத் தண்ணீர் இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. யானை முழுகும் என்று பார்த்த தண்ணீரில் பதினாறு வயதுப் பையன் இடுப்பளவில் நிற்கிறான், காலடியில் துழாவித் துருப்பிடித்த கம்பி நீட்டிய ஒரு துண்டைத் தூக்கிக் காட்டுகிறான், கரையில் இருந்த பெண்டுகள் "அய்யோ சாமி" என்று வாயைப் பொத்துகிறார்கள். கொஞ்சம் முன்னால் சிரித்த பெரிய மனுஷர்கள் எல்லாரும் வேட்டியைச் சரி செய்துகொள்கிறார்கள்.

என் பையன். இவன் என் பையன். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன், பெருமையாக இருக்கிறது, கண்ணேறு பட்டாலும் படட்டும், ராத்திரி மிளகாய் சுற்றிப் போட்டுக்கொள்கிறேன். பத்தாவதில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவதாக வந்தான், அன்றைக்குக்கூட இப்படி இல்லை. இத்தனை வருஷமாக இந்த ஊரில் எத்தனை பேர் குதித்திருப்பார்கள், எத்தனை பெயர் பாலத்தடியில் இருக்கும், ஒருவனாவது ஒரு கல்லைக் கட்டி விட்டுப் பார்த்தானா? நான் பார்த்தேனா? வருஷா வருஷம் இந்த இடத்தில் வடை சுட்டுக்கொண்டு, பையன்கள் குதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு, ஒருவனும் அடிபடாமல் எழுந்து வந்ததும் சட்டினி ஊற்றிக்கொண்டு இருந்தேன். வேண்டிக்கொண்டேன், அவ்வளவுதான். படிக்கல் என் வண்டியிலேயே இருந்தது, காகிதத்தின்மேல், பத்து வருஷமாக. கயிறு என் வாசலில் தொங்கியது. நான் அவனுக்குச் சோறு போட்டேன், இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, இது அவனே எடுத்தது. அந்த நடுக்கத்தோடு நின்றானே, அதுதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது, படிக்கல்லு என்று பெயர் வைத்தபோதும் நின்றானே. அந்தப் பெயர் இனிமேல் போகாது, பேரன் காலம் வரைக்கும் படிக்கல்லு வீடு என்பார்கள். சொல்லட்டுமே.

வருகிறான். கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டிருக்கிறான், சட்டையெல்லாம் சேறு. கிட்டே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் செங்கல்லை எடுத்துக் கீழே வைத்து, படிக்கல்லைச் சட்டையில் துடைத்துக் காகிதத்தின்மேல் வைத்தான். கட்டிப் பிடிக்கலாம் என்றுதான் இருந்தது, வாயில் வந்தது வேறு. "தொவைச்ச துணியெல்லாம் பக்கெட்டுல கெடக்குது. ருக்குமணிய எருமைக்காரின்னு நாலு பேரு கேக்கத் திட்டிட்டு வந்திருக்கறேன். சொல்லிட்டு எடுத்தா என்னடா?" என்றேன். "சொன்னா நீ பாலத்துக்கே உட்ருக்க மாட்டயேம்மா" என்றான். அது உண்மைதான். "மாமங்கிட்ட நேத்து என்னமோ கேட்டுட்டிருந்தயே, என்ன சொன்னாரு?" என்றேன். அவன் கயிற்றைப் பிரித்துப் பிரித்துச் சுற்றினான். "தண்ணி எவ்வளவு இருந்துச்சுன்னு கேட்டேன். தெரியாதுடா, யாரும் பாக்குலன்னாரு. பாத்திருக்கலாமில்லைங்க மாமான்னேன். சிரிச்சாரு." சுற்றிய கயிற்றைப் பெஞ்சில் வைத்துவிட்டு, "உங்கம்மா எண்ணுனா, பாவம், சின்னப்புள்ள, அவகிட்ட இதப் பத்திக் கேக்காதன்னாரு" என்றான். புகை கண்ணில் போய்விட்டது என்று முந்தானையை எடுத்தேன். காஸ் அடுப்பில் ஏது புகை?

தண்டபாணி அண்ணன் அந்தப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து இவனை மேலும் கீழும் பார்த்தார். ஊர் வாய் அவ்வளவு சீக்கிரம் அடங்குமா? "என்னதான் சொல்லு சாந்தாமணி, உன்ற பையன் பயந்துட்டான்" என்றார். தரணி தலையைக் குனிந்தான். நான் நிமிர்ந்தேன். "ஆமாங்ண்ணா. பயந்துட்டான்" என்றேன், பாலம் வரைக்கும் கேட்கிற மாதிரி. பிறகு ஒரு காகிதத்தை எடுத்து விரித்தேன். வீட்டில் இருக்கிற என் அண்ணனுக்குச் சூடாக இருந்தால் பிடிக்கும், ஊட்டிவிடுவதற்குள் ஆறிவிடும், இவன் சைக்கிளில் போனால் ஐந்து நிமிஷம். தட்டிலிருந்து எடுத்து வைத்தேன். "மாமாவுக்குக் கொண்டு போ, இன்னிக்கு என்ன நடந்ததுன்னு நீயே சொல்லு" என்றேன். ஒண்ணு. ரெண்டு. மூணு.